மூலிகைத் துணையுணவு மூச்சுக்குழாய் அழற்சியைத் தணிக்கிறதா? ஆய்வகத்தில் சோதிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஆடாதோடை இலைச் சாறு அடங்கிய ஒரு துணையுணவை, ஓவால்புமின் என்னும் முட்டைவெண்கருப் புரதத்தால் ஒவ்வாமை ஊட்டப்பட்ட சுண்டெலிகளில் சோதிக்கும் வேலையை இந்த வழிகாட்டி முதலிலிருந்து படிப்படியாகச் சொல்கிறது. தூதுவளை, கண்டங்கத்திரி, அதிமதுரம் போன்ற வேறு மூலிகைகளுக்கும் இதே வரிசை பொருந்தும். மாறுவது அளவிட வேண்டிய வேதிப்பொருளும் அதற்குரிய எச்சரிக்கைகளும்தான்.

எங்கள் ஆய்வகத்தில் முதன்முதலாக இந்த வேலையைத் தொடங்கும் மாணவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தவறுகிறார்கள். சுண்டெலிகள் வந்து இறங்கிய பிறகு இலையை அரைக்கிறார்கள். சோதனை முடிந்த பிறகு அந்தச் சாற்றில் என்ன இருந்தது என்று தேடுகிறார்கள். கையில் இருக்கும் பொருள் இன்னதென்று உறுதியாகத் தெரியாமல் அதை ஒரு சுண்டெலிக்கும் கொடுக்கக் கூடாது என்பதே இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை.

தொடங்குமுன் கைவசம் இருக்க வேண்டியவை

பதிவு பெற்ற விலங்குக் கூடம், கரைசலை நுண்துளிகளாக்கும் காற்றழுத்த நெபுலைசர், சுண்டெலிகளை வைக்கும் மூடிய கண்ணாடிப் பெட்டி, குளிரூட்டும் மையவிலக்கி, செல்களைக் கண்ணாடித் தகட்டில் படியவைக்கும் சைட்டோஸ்பின், நல்ல நுண்ணோக்கி, மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி, எதிர்ப்பொருள்களைக் கொண்டு புரதங்களை அளக்கும் எலைசா சோதனைக்கான தட்டு வாசிப்பான் ஆகியவை வேண்டும். கலவையில் உள்ள வேதிப்பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி சொந்தமாக இல்லாவிட்டால், எந்த ஆய்வகத்தில் செய்து தருவார்கள் என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

எலைசா கிட்டுகள் பெரும்பாலும் இறக்குமதி ஆவதால் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். மயக்க மருந்தான கெட்டமின், கட்டுப்பாடு மிகுந்த மருந்துகளுக்கான ஷெட்யூல் எக்ஸ் பட்டியலில் இருப்பதால் அதற்குரிய அனுமதியும் பதிவேடும் இல்லாமல் வாங்க முடியாது. இந்த இரண்டையும் முதல் வாரத்திலேயே கேட்டு வையுங்கள். இவற்றோடு, எந்தக் குழுவுக்கு எது கொடுக்கப்பட்டது என்று தெரியாமல் கண்ணாடித் தகடுகளை எண்ணித் தரக்கூடிய வேறு இருவரும் தேவை. அவர்களைக் கடைசி நேரத்தில் தேடினால் கிடைப்பதில்லை.

1. கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

“ஆடாதோடை ஆஸ்துமாவுக்கு நல்லதா?” என்பதைச் சோதிக்க முடியாது. “ஒவ்வாமை ஏற்கெனவே ஊட்டப்பட்ட சுண்டெலிகளுக்கு, மூச்சுவழித் தூண்டலுக்கு ஒரு வாரம் முன்பிலிருந்து இந்தச் சாற்றை வாய்வழி கொடுத்தால், நுரையீரல் கழுவுநீரில் உள்ள ஈசினோபில் எண்ணிக்கை குறைகிறதா?” என்பதைச் சோதிக்க முடியும். மூச்சுவழித் தூண்டல் என்பது ஓவால்புமினை மூச்சில் இழுக்கவைப்பது; ஈசினோபில் என்பது ஒவ்வாமை அழற்சியில் பெருகும் ஒரு வகை வெள்ளையணு. யாருக்கு, எப்போது, எவ்வழியில், எதை அளந்து என்ற நான்கும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

‘எப்போது’ என்பதில்தான் குழப்பம் மிகுதி. ஒவ்வாமை ஊட்டும் முதல் ஊசிக்கு முன்பே சாற்றைத் தொடங்கினால், ஒவ்வாமை உருவாவதையே அது தடுக்கிறதா என்று பார்க்கிறீர்கள். ஒவ்வாமை ஊட்டிய பிறகு தொடங்கினால், இருக்கும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சியாக வெடிப்பதை அது அடக்குகிறதா என்று பார்க்கிறீர்கள். துணையுணவை வாங்கிச் சாப்பிடுகிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே இளைப்பு உள்ளவர் என்பதால் இரண்டாவது கேள்வியே அவருடைய நிலைக்குப் பொருத்தமானது. முதல் முறையில் நல்ல முடிவு எளிதாக வரும் என்பதற்காக அதைத் தேர்ந்துவிட்டு, கட்டுரையில் ‘சிகிச்சை’ என்று எழுதுவது தவறு.

எந்த வகை அழற்சி என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். ஓவால்புமின் முறையில் ஈசினோபில் மிகுந்த ஒவ்வாமை அழற்சி வரும். புகைபிடிப்பவரின் நாள்பட்ட நுரையீரல் நோயைப் பற்றிய கேள்வி என்றால், நியூட்ரோபில் என்னும் வேறு வகை வெள்ளையணு மிகுந்து வரும் எல்.பி.எஸ். (பாக்டீரியாவின் வெளிச்சுவர்ப் பொருள்) முறையோ சிகரெட் புகை முறையோதான் பொருந்தும்.

2. அனுமதிகளுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்

விலங்குச் சோதனைக்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் அரசுக் குழுவான சி.சி.எஸ்.இ.ஏ. வகுத்த ‘படிவம் பி’யில் எத்தனை சுண்டெலிகள், ஏன் அத்தனை, வலியை எப்படிக் குறைப்பீர்கள், எந்த நிலையில் ஒரு விலங்கைச் சோதனையிலிருந்து விலக்குவீர்கள் என்பவற்றை எழுத வேண்டும். குழு மாதந்தோறும் கூடும் என்று நம்பித் திட்டமிட வேண்டாம். ஒப்புதல் வருவதற்குள் 3 முதல் 6 வரையிலான படிகளை முடித்துவிடலாம் என்பதால்தான் இது இரண்டாம் இடத்தில் வருகிறது.

காப்புரிமை கோரும் எண்ணமோ, சாற்றை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணமோ இருந்தால், 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் கேட்பவற்றைச் சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்திடம் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

3. செடியை அடையாளம் காணுங்கள். ஒரே தொகுதியாகச் சேகரியுங்கள்

ஆடாதோடையின் தாவரவியல் பெயர் ஜஸ்டீசியா அடாதோடா. பழைய நூல்களில் அடாதோடா வாசிகா என்றிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் இதே பெயரைத் தழுவி வழங்கும் ஜஸ்டீசியா பெட்டோமி வேறு இனம். கடைச்சரக்கில், காய்ந்த இலையோடு பெருமர இலை, அதாவது ஐலாந்தஸ் எக்செல்சா, கலந்து வருவதும் உண்டு. பொடியாக வாங்கினால் இந்த மூன்றையும் கண்ணால் பிரித்தறிய முடியாது.

ஆகவே, பூவோடு கூடிய கிளையை நீங்களே பறித்து, அழுத்தி உலர்த்தி, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் போன்ற இடத்தில் அடையாளச் சான்று பெறுங்கள். அந்த உலர்கிளைக்கு ஒரு எண் கிடைக்கும். கட்டுரையில் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். எங்கே, எந்த மாதத்தில், செடியின் எந்தப் பகுதியைப் பறித்தீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். இலையில் உள்ள வாசிசின் என்னும் ஆல்கலாய்டின் அளவு பருவத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும்.

முழுச் சோதனைக்கும் வேண்டிய இலையை ஒரே முறையில் பறிப்பது மிக முக்கியம். பாதிச் சோதனையில் சாறு தீர்ந்துபோய், மறு பருவத்து இலையில் புதிதாகச் சாறெடுத்துத் தொடர்ந்தால், நீங்கள் சோதித்தவை இரண்டு பொருள்கள்.

கடையில் விற்கும் மாத்திரையையே சோதிப்பதானால், ஒரே தொகுதி எண் கொண்ட புட்டிகளாக வாங்குங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின், மெக்னீசியம் ஸ்டியரேட் போன்ற நிரப்பிகள் அதில் இருக்கும். அவற்றை மட்டும் கலந்த போலிப் பொடி ஒன்றையும் தயாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

4. சாறெடுத்து, அதில் உள்ளதை அளவிடுங்கள்

இலையை நிழலில் உலர்த்தி, கரகரப்பாகப் பொடித்து, 70 விழுக்காடு எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டுங்கள். சுழல் ஆவியாக்கியில் 45 டிகிரிக்கு மேல் போகாமல் எத்தனாலை நீக்கி, எஞ்சியதை உறைநிலையில் உலர்த்திப் பொடியாக்குங்கள். துணையுணவு தயாரிப்பாளர் நீர்க் கஷாயமாகச் செய்கிறார் என்றால் நீங்களும் நீரிலேயே எடுக்க வேண்டும். கரைப்பானை மாற்றினால் சாற்றில் இறங்கும் பொருள்களும் மாறிவிடும். அந்த முடிவு அவருடைய பொருளைப் பற்றியதாக இருக்காது.

எத்தனை கிராம் இலையிலிருந்து எத்தனை கிராம் சாறு கிடைத்தது என்பதை எழுதுங்கள். பிறகு எச்.பி.எல்.சி.யில் தூய வாசிசினை ஒப்பீடாக வைத்து, ஒரு கிராம் சாற்றில் எத்தனை மில்லிகிராம் வாசிசின் இருக்கிறது என்று கண்டறியுங்கள். வாசிசின் காற்றுப்பட்டு வாசிசினோனாக ஆக்சிஜனேற்றம் அடையும் இயல்புடையது. அதனால் இந்த அளவீட்டைச் சோதனை தொடங்கும் நாளில் ஒருமுறையும் முடியும் நாளில் ஒருமுறையும் செய்வது நல்லது. சாற்றைச் சிறு சிறு புட்டிகளாகப் பிரித்து, காற்றுப்புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரியில் வைத்து, ஒரு நாளைக்கு ஒரு புட்டி என்று எடுக்க வேண்டும்.

5. சாற்றில் இருக்கக் கூடாதவை இல்லை என்று உறுதி செய்யுங்கள்

இந்தப் படியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். இது எனக்குத் தீராத கவலை.

முதலாவது, ஸ்டீராய்டு போன்ற கலப்பட மருந்துகள். இளைப்புக்கென்று விற்கப்படும் மூலிகைப் பொருள்களில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், தியோஃபிலின் முதலியவை ரகசியமாகக் கலக்கப்படுவது உலகெங்கும் கண்டறியப்பட்ட மோசடி. ஒரு முறை எங்களிடம் வந்த பொடி முதற்கட்டச் சோதனையில் டெக்ஸாமெத்தசோனுக்கு நிகராக ஈசினோபில்களைக் குறைத்தது. எல்லாரும் மகிழ்ந்தோம். நிறமாலைமானி இணைத்த எச்.பி.எல்.சி.யில் பார்த்தபோது, அந்த மகிழ்ச்சிக்குக் காரணம் எந்த மூலிகையும் இல்லை என்று தெரிந்தது. நான்கு மாத வேலையும் அத்தனை உயிர்களும் வீணாயின. அன்றிலிருந்து, கடையில் வாங்கிய எதையும் இந்தச் சோதனை முடியும்வரை விலங்குக் கூடத்துக்குள் எடுத்துச் செல்ல நான் விடுவதில்லை.

இரண்டாவது, கன உலோகங்கள். மூலிகைப் பொருள்களுக்கு நம் நாட்டில் ஏற்கப்பட்ட உச்சவரம்பு, பத்து லட்சத்தில் ஈயம் 10 பங்கு, ஆர்சனிக் 3 பங்கு, பாதரசம் 1 பங்கு, காட்மியம் 0.3 பங்கு.

மூன்றாவது, எண்டோடாக்சின். இலையில் ஒட்டிய பாக்டீரியாவின் எல்.பி.எஸ். சாற்றோடு வந்துவிட்டால், அதுவே செல்களில் அழற்சியைத் தூண்டும். லிமுலஸ் சோதனையால் இதை அளக்கலாம். ஆனால் தாவரங்களில் உள்ள பீட்டா-குளுக்கான்கள் அதே சோதனையில் பொய்யாக நேர்மறை காட்டும் என்பதால், அவற்றைத் தடுக்கும் தாங்கல் கரைசல் உள்ள கிட்டையே பயன்படுத்த வேண்டும்.

6. செல்களில் முதற்சோதனை

ராவ் 264.7 என்னும் மேக்ரோஃபேஜ் (கிருமிகளை விழுங்கும்) செல்களை எல்.பி.எஸ்.ஸால் தூண்டி நைட்ரிக் ஆக்சைடு குறைகிறதா என்று பார்ப்பதும், பியாஸ்-2பி என்னும் மூச்சுக்குழாய்ச் செல்களில் அழற்சியைத் தூண்டும் புரதமான இன்டர்லியூக்கின்-8 குறைகிறதா என்று பார்ப்பதும் வழக்கம். சாற்றில் விளைவு இருக்கிறதா, எந்தச் செறிவில் செல் சாகிறது என்ற இரண்டை மட்டுமே இதிலிருந்து அறியலாம். இங்கே கிடைக்கும் செறிவை வைத்துச் சுண்டெலிக்கான அளவை முடிவு செய்யாதீர்கள். வாய்வழி சென்ற பொருளில் எவ்வளவு நுரையீரலைச் சேர்கிறது என்பது வேறு கணக்கு.

செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் எம்.டி.டி. சோதனையில் ஒரு பொறி உண்டு. தாவரப் பாலிஃபீனால்கள், செல்லே இல்லாத கிணற்றிலும் (தட்டில் உள்ள சிறு குழி) எம்.டி.டி.யை ஊதா நிறமாக்கிவிடும். செத்த செல்கள் உயிரோடு இருப்பதாகக் கணக்கு வரும். ஆகவே ஒவ்வொரு தட்டிலும் செல் இல்லாமல் சாறு மட்டும் உள்ள கிணறுகள் இருக்க வேண்டும். நைட்ரிக் ஆக்சைடை அளக்கும் கிரீஸ் சோதனைக்கும் இதே விதிதான், ஏனென்றால் சாற்றின் நிறம் வாசிப்பில் கலக்கும். கரைப்பானான டி.எம்.எஸ்.ஓ. 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதற்குமேல் அதுவே செல்லைப் பாதிக்கும்.

7. கொடுக்க வேண்டிய அளவைக் கணக்கிடுங்கள்

மனிதர் உட்கொள்ளும் அளவிலிருந்து தொடங்குங்கள். துணையுணவின் அட்டையில் 500 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இரண்டு என்றிருந்தால் மொத்தம் 1000 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது கிலோவுக்கு 16.7 மில்லிகிராம். உடற்பரப்பு அடிப்படையில் சுண்டெலிக்கு மாற்ற 12.3 ஆல் பெருக்க வேண்டும். கிலோவுக்கு ஏறத்தாழ 205 மில்லிகிராம் வரும். இதை நடுவில் வைத்து 100, 200, 400 என்று மூன்று அளவுகளை எடுத்துக்கொள்ளலாம். மனித அளவை எலியின் எடையால் நேராகப் பெருக்கிவிடுவதும், முன்னோர் கட்டுரையில் இருந்தது என்பதற்காகக் கிலோவுக்கு 1000 மில்லிகிராம் கொடுப்பதும் அடிக்கடி காணும் தவறுகள். எந்த மனிதரும் விழுங்க முடியாத அளவில் கிடைத்த பலன் துணையுணவைப் பற்றி எதையும் சொல்லாது.

எவ்வளவு சாறு வேண்டும் என்பதையும் இப்போதே கணக்கிடுங்கள். 25 கிராம் சுண்டெலிக்கு 400 அளவில் நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், 200 அளவில் 5, 100 அளவில் 2.5. சாறு மட்டும் பெறும் நலமான குழுவுக்கு இன்னொரு 10. ஆக 27.5 மில்லிகிராம். குழுவுக்கு 16 சுண்டெலிகள், 10 நாள் என்றால் 4.4 கிராம். தினமும் கரைசலில் ஏற்படும் விரயம், வேதிச் சோதனைகள், ஒருமுறை திரும்பச் செய்யும் தேவை ஆகியவற்றைச் சேர்த்து 15 கிராம் இல்லாமல் தொடங்காதீர்கள்.

8. குழுக்களைப் பிரியுங்கள்

ஆறு முதல் எட்டு வார வயதுள்ள பெண் பால்ப்/சி சுண்டெலிகள் ஓவால்புமினுக்கு வலுவாக எதிர்வினை காட்டும். வந்த பிறகு ஒரு வாரம் பழகவிடுங்கள். அவற்றின் தீவனத்தில் முட்டைப் பொருள் இருக்கிறதா என்று உற்பத்தியாளரிடம் கேளுங்கள். வாய்வழி ஓவால்புமின் உண்ட சுண்டெலியின் உடல் அதற்குச் சகிப்புப் பழகிக்கொள்வதால், பிறகு ஊசி போட்டாலும் ஒவ்வாமை சரியாக வராது.

தேவையான குழுக்கள் ஏழு: எதுவும் ஊட்டப்படாத நலமான குழு, ஒவ்வாமை ஊட்டி, சாறு கலக்காத வெறுங்கரைசல் மட்டும் பெறும் குழு, ஒவ்வாமை ஊட்டி கிலோவுக்கு 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் பெறும் குழு, ஒவ்வாமை ஊட்டி மூன்று அளவுகளில் சாறு பெறும் குழுக்கள், நலமான நிலையில் உயர் அளவுச் சாறு மட்டும் பெறும் குழு. கடைசிக் குழுவைச் செலவுக்கு அஞ்சி விட்டுவிடுகிறார்கள். சாறே நுரையீரலில் ஏதேனும் செய்கிறதா என்பதை அந்தக் குழு ஒன்றுதான் காட்டும்.

எந்த எலி எந்தக் குழு என்பதை எடை பார்த்து, கணினி தரும் தற்செயல் எண்களால் பிரிக்க வேண்டும். கூண்டிலிருந்து முதலில் கையில் அகப்படுவது பெரும்பாலும் மந்தமான எலி. அதையெல்லாம் ஒரே குழுவில் போட்டால் தொடக்கத்திலேயே ஏற்றத்தாழ்வு வந்துவிடும்.

9. ஒவ்வாமை ஊட்டுதலும் மூச்சுவழித் தூண்டலும்

நாள் 0, நாள் 14 ஆகிய இரண்டிலும், 20 மைக்ரோகிராம் ஓவால்புமினை 2 மில்லிகிராம் அலுமினியம் ஹைட்ராக்சைடு ஜெல்லோடு சேர்த்து, 0.2 மில்லிலிட்டராக வயிற்றறைக்குள் ஊசி போடுங்கள். இரண்டையும் கலந்த உடனே ஊசியில் ஏற்றக் கூடாது. அரைமணி நேரம் மெதுவாகச் சுழலவிட்டால்தான் புரதம் ஜெல்லில் படியும். ஊசி போடும் நேரத்திலும் ஜெல் அடியில் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு எலிக்கும் முன்பு குழாயைக் கவிழ்த்து அசைக்க வேண்டும்.

விலை குறைந்த ஓவால்புமினில் எண்டோடாக்சின் மிகுதியாக இருக்கும். அது நோயெதிர்ப்பைத் திசைமாற்றி, ஈசினோபிலுக்குப் பதிலாக நியூட்ரோபிலை வரவழைக்கும். இரண்டு ஆண்டுகளாக நன்றாக நடந்த முறை, புதுப் புட்டி திறந்ததும் நடக்கவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

நாள் 21 முதல் நாள் 30 வரை தினமும் சாறு கொடுங்கள். நாள் 28, 29, 30 ஆகிய மூன்றிலும், சாறு கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து, 1 விழுக்காடு ஓவால்புமின் கரைசலை நெபுலைசரால் 30 நிமிடம் செலுத்துங்கள். மீயொலி நெபுலைசர் சூடாகிப் புரதத்தைச் சிதைக்கக்கூடும் என்பதால் காற்றழுத்த வகையே நல்லது. ஒவ்வாமை ஊட்டிய எல்லாக் குழுக்களிலிருந்தும் சில சுண்டெலிகளைச் சேர்த்து ஒரே பெட்டியில் வையுங்கள். ஒரு குழுவை ஒரு வேளையும் இன்னொரு குழுவை வேறு வேளையும் வைத்தால், பெட்டியில் அன்று இருந்த வேறுபாடு சாற்றின் பலன் போலத் தோன்றும். இந்தப் பெட்டி புகைப்போக்கி மேடைக்குள் இருக்கட்டும். முட்டைப் புரதத்தை நாள்தோறும் மூச்சில் இழுக்கும் ஆய்வாளருக்கும் ஒவ்வாமை வரலாம்.

10. வாய்வழி கொடுக்கும் முறை

சாற்றை 0.5 விழுக்காடு கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் கரைசலில் கலந்து, கிலோவுக்கு 10 மில்லிலிட்டர் கொடுங்கள். 20 கிராம் சுண்டெலிக்கு அது 0.2 மில்லிலிட்டர், 200 அளவுக்கு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் செறிவு வேண்டும். எடையை இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்துக் கொள்ளளவை மாற்றுங்கள்.

முனையில் உருண்டையுள்ள ஊசியை வாயின் இடப்பக்கமாக நுழைத்து, தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்தால், ஊசி தன் எடையிலேயே உணவுக்குழாயில் இறங்கும். தடுத்தால் அழுத்தக் கூடாது; வெளியே எடுத்து மறுபடி நுழைக்க வேண்டும். கரைசல் ஒரு துளி மூச்சுக்குழாயில் போனாலும், எலியின் மூக்கில் குமிழி தெரியும், மூச்சு விட்டுவிட்டு வரும். மற்ற ஆய்வுகளில் இது ஒரு விபத்து. நம் ஆய்விலோ அதுவே நுரையீரல் அழற்சியை உண்டாக்கி முடிவைக் கெடுக்கும். குமிழி கண்ட எலியின் எண்ணை அந்த நொடியே குறித்து, முன்பே எழுதிய விதிப்படி விலக்குங்கள். புதியவர் குறைந்தது இரண்டு வாரம் வெறும் நீரில் பழகிய பிறகே சோதனை எலியைத் தொட வேண்டும்.

11. மூச்சுக்குழாய் சுருங்குதிறனை அளத்தல்

கடைசித் தூண்டலுக்கு 24 மணி நேரத்துக்குப் பிறகு, அதற்கென ஒதுக்கிய பாதி எலிகளில், மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாயில் குழல் செருகி, மூச்சுக்குழாயைச் சுருக்கும் மெத்தகோலினை மில்லிலிட்டருக்கு 3.125 முதல் 50 மில்லிகிராம் வரை இரட்டித்துக்கொண்டே செலுத்தி, மூச்சுத்தடையை அளவிடுங்கள். மயக்கமில்லாத எலியைப் பெட்டியில் வைத்துப் ‘பென்ஹ்’ என்னும் குறியீட்டை மட்டும் அளப்பது எளிது. ஆனால் அது மூச்சுத்தடையை நேரடியாகக் காட்டுவதில்லை என்பதால் அதை மட்டும் நம்பி முடிவு எழுத முடியாது.

ஆடாதோடைக்கு இந்தப் படியில் தனிக் கவனம் வேண்டும். வாசிசினுக்கு மூச்சுக்குழாயை விரிக்கும் தன்மை உண்டு; சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து அதை அடியொற்றி உருவானதுதான். எனவே அழற்சி சிறிதும் குறையாமலே மூச்சுத்தடை மட்டும் குறையக்கூடும். ‘அழற்சியைத் தணிக்கிறது’ என்று சொல்ல 12ஆம் படியின் எண்ணிக்கையே சான்று.

12. நுரையீரலைக் கழுவி செல்களை எண்ணுதல்

மீதிப் பாதி எலிகளைக் கடைசித் தூண்டலுக்கு 48 மணி நேரம் கழித்து எடுத்துக்கொள்ளுங்கள். ஈசினோபில்கள் அப்போது மிகுந்திருக்கும். இடப்பக்க மூச்சுக்கிளையை நூலால் கட்டிவிட்டு, வலப்பக்கத்தை மட்டும் 0.5 மில்லிலிட்டர் குளிர்ந்த பி.பி.எஸ். உப்புக்கரைசல் கொண்டு மூன்று முறை கழுவுங்கள். இடது நுரையீரல் கழுவப்படாமல் திசுச்சோதனைக்கு மிஞ்சும்.

உறிஞ்சும்போது அவசரம் கூடாது. வேகமாக இழுத்தால் காற்றுக்குழல் சுவரோடு ஒட்டித் திரவம் வராது. நன்றாகக் கழுவிய நீர் லேசாகக் கலங்கி, மேலே சோப்பு நுரைபோல் மெல்லிய நுரை கட்டி நிற்கும். நுரை இருந்தால் காற்றறைவரை சென்று வந்திருக்கிறது என்று பொருள். இளஞ்சிவப்பாக வந்தால் இரத்தம் கலந்திருக்கிறது. குறித்துவைத்து, சிவப்பணுக்களைச் சிதைத்த பின் எண்ணுங்கள். விட்ட நீரில் ஐந்தில் நான்கு பங்காவது திரும்பி வர வேண்டும்.

முதல் கழுவலை 400 ஜி விசையில் மையவிலக்கி, மேல்நீரை மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள்; பின் கழுவல்களையும் சேர்த்தால் அழற்சியின் அடையாளப் புரதங்களான சைட்டோகைன்கள் நீர்த்துப்போகும். செல்களை மட்டும் மூன்று கழுவலிலிருந்தும் சேர்த்து மொத்த எண்ணிக்கை எடுத்து, சைட்டோஸ்பின்னில் தகடாக்கி, ஜீம்சா சாயம் ஏற்றுங்கள். ஈசினோபிலின் குருணைகள் செம்மையாகத் தெரியும். சுண்டெலியில் அதன் உட்கரு வளையமாக, நடுவில் ஓட்டையுள்ள வடை போல இருக்கும். நியூட்ரோபிலின் உட்கருவும் வளையமாகவே தோன்றும் என்பதால் நிறத்தையும் சேர்த்துப் பார்த்தே பிரிக்க வேண்டும். சாயம் அதிகநேரம் ஊறினால் இந்த வேறுபாடு அழிந்துவிடும். குழு தெரியாத இருவர் தனித்தனியே 300 செல்கள் வீதம் எண்ணட்டும்.

நலமான எலியின் கழுவுநீரில் ஏறத்தாழ எல்லாமே மேக்ரோஃபேஜ்களாக இருக்கும். விழுக்காட்டை மட்டும் எழுதாமல், மொத்த எண்ணிக்கையோடு பெருக்கி ஈசினோபில்களின் முழு எண்ணிக்கையைத் தர வேண்டும்.

13. திசுவும் எலைசாவும்

இடது நுரையீரலை 10 விழுக்காடு ஃபார்மலினால், 20 முதல் 25 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில் ஊதி நிரப்பிய பின்பே புட்டியில் போடுங்கள். சுருங்கிய நுரையீரலை அப்படியே போட்டால் காற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டி, நலமான எலியிலும் அழற்சி இருப்பது போலத் தோன்றும். ஹீமடாக்சிலின்-ஈயோசின் சாயம் அழற்சி செல்களையும், பி.ஏ.எஸ். சாயம் சளிச் செல்களையும் காட்டும். ஒரே பருமனுள்ள காற்றுக்குழல்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

இன்டர்லியூக்கின்-4, 5, 13 ஆகியவற்றைக் கழுவுநீரிலும், ஓவால்புமினுக்கே உரிய ஐஜிஇ என்னும் ஒவ்வாமை எதிர்ப்பொருளை இரத்த நீரிலும் அளக்கலாம். ஐஜிஇ எலைசாவில் தட்டை ஓவால்புமினால் பூசினால், இரத்தத்தில் பன்மடங்கு மிகுந்திருக்கும் ஐஜிஜி1 என்னும் வேறு எதிர்ப்பொருள் முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடும். தட்டை ஐஜிஇ எதிர்ப்பொருளால் பூசி, பயோட்டின் சேர்த்த ஓவால்புமினால் கண்டறிவதே சரி.

14. கணக்கிடும் வரிசை

முதலில் சாற்றுக் குழுக்களைப் பார்க்காதீர்கள். நலமான குழுவைவிட வெறுங்கரைசல் குழுவில் ஈசினோபில் தெளிவாக உயர்ந்திருக்கிறதா, டெக்ஸாமெத்தசோன் அதைக் குறைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அந்தச் சோதனையிலிருந்து சாற்றைப் பற்றி ஒன்றும் சொல்ல இயலாது. திரும்பச் செய்ய வேண்டும். இரண்டும் சரியென்றால் மட்டும், பல குழுக்களை ஒருசேர ஒப்பிடும் ஒருவழி அனோவா செய்து, டன்னட் முறையில் ஒவ்வொரு அளவையும் வெறுங்கரைசல் குழுவோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கையின் அலகு ஒரு எலி. ஒரே எலியின் மூன்று தகடுகளை மூன்று என்று எண்ணக் கூடாது.

அடுத்து எடைக் குறிப்பேட்டைத் திறவுங்கள். உயர் அளவுக் குழுவில் எடை சரிந்திருந்தால், அங்கே ஈசினோபில் குறைந்ததைக் கொண்டாட வேண்டாம். நோய்வாய்ப்பட்ட எலியின் உடலில் கார்ட்டிகோஸ்டிரோன் உயர்கிறது; அந்த இயற்கை ஸ்டீராய்டே ஈசினோபில்களைக் குறைத்துவிடும். இந்தச் சாத்தியத்தைக் கவனிக்கத்தான் எடையை இத்தனை முறை பார்க்கச் சொன்னேன்.

15. முடிவை எழுதுதலும் மிச்சத்தைப் பாதுகாத்தலும்

எத்தனை எலிகளோடு தொடங்கினீர்கள், எத்தனையை எதற்காக விலக்கினீர்கள், யார் குழு தெரியாமல் எண்ணினார் என்பதை எல்லாம், விலங்காய்வுக் கட்டுரைகளுக்கான அரைவ் 2.0 நெறிகளின் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். பலன் தராத அளவையும் மறைக்காமல் தாருங்கள். நீங்கள் சோதித்தது இந்த வாசிசின் அளவுள்ள இந்தச் சாறு. ‘ஆடாதோடை’ என்று பொதுவாக எழுத அது இடம் தராது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை வாசிசினுக்கு இருப்பதால், கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை கட்டுரையிலும், தயாரிப்பாளருக்குத் தரும் அறிக்கையிலும் கட்டாயம் இடம்பெற வேண்டும். சுண்டெலியில் கிடைத்த முடிவை வைத்து அட்டையில் ‘ஆஸ்துமாவைக் குணப்படுத்தும்’ என்று அச்சிட அவர் கேட்டால் மறுத்துவிடுங்கள். உணவுத் துணைப்பொருளுக்கு அத்தகைய உரிமைகோரலை நம் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அனுமதிப்பதில்லை.

அதே தொகுதிச் சாற்றில் குறைந்தது 2 கிராமைக் காற்றுப்புகாத பழுப்புப் புட்டியில், தேதியும் உலர்கிளை எண்ணும் எழுதி, உறைபெட்டியின் தனித் தட்டில் வையுங்கள். கட்டுரையை மதிப்பிடுகிறவர் எட்டு மாதம் கழித்து இன்னொரு வேதிப்பொருளின் அளவைக் கேட்பார். அப்போது புது இலையைப் பறித்து அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது.